யூட்டா கேன்யனில் சைக்கிள்: 4 லிட்டரும் ஒரு ஃபில்டரும் போதுமா?

பிப்ரவரி 11, இரவு 9.20

ஒரு தம்பியின் கேள்வி. அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, ஜூன் கடைசியில் ஒன்பது நாள் லீவு கிடைக்கும். மோவாபில் ஆரம்பித்து ஒயிட் ரிம் சுற்று, அப்புறம் ஹாங்க்ஸ்வில் போய் 95ஆம் நம்பர் சாலையில் பிளாண்டிங் வரை, எல்லாம் சைக்கிளில். மேப்பில் வழி நெடுக ஆறு தெரிகிறது. 4 லிட்டர் பாட்டிலும் ஒரு ஃபில்டரும் போதும் என்று நினைக்கிறேன். சரிதானே?"

சரியில்லை தம்பி.

நீலக் கோடு பொய் இல்லை. ஒரு பக்கம் கொலராடோ, இன்னொரு பக்கம் கிரீன் ஆறு. ஒயிட் ரிம் சாலை இரண்டுக்கும் நடுவே, ஆற்று மட்டத்துக்கு சுமார் 1,000 அடி மேலே, ஒரு வெள்ளைப் பாறை விளிம்பை ஒட்டி ஓடுகிறது. ஆறு வளைவது தெரியும், கரையில் மரம் பச்சையாக நிற்பது தெரியும். இறங்க வழியிருக்காது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இங்கே கைக்கே எட்டாது. நூறு மைல் சுற்றில் குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது.

95 இன்னும் மோசம். ஹாங்க்ஸ்வில்லில் பாட்டில்களை நிரப்பினால், அடுத்து நிச்சயம் என்று நான் சொல்லக்கூடியது நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பாறை வளைவுகளின் பார்வையாளர் மையத்துக் குழாய்தான். இடையில் சுமார் 95 மைல், அதாவது 150 கிலோமீட்டர். நடுவில் ஹைட் என்ற இடத்தில் கொலராடோவைத் தாண்டிப் பாலம் வருகிறது. பாலத்தின் மேலிருந்து ஆற்றைப் போட்டோ எடுக்கலாம்.

என் கணக்கு: ஆளுக்கு, நாளுக்கு 8 லிட்டர். இதில் பேரம் கிடையாது. 2019 மே மாதம் நானும் மச்சானும் ஹைட் தாண்டிய ஏற்றத்தில் தண்ணீர் தீர்ந்து சாலையோரம் உட்கார்ந்தோம். கணக்குத் தப்பியதுதான் காரணம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிப்ரவரி 11, இரவு 11.50

தண்ணீர் என்ற சொல்லைப் பார்த்ததும் சாமி வந்துவிட்டது, "ஜூன் கடைசி" என்பதைக் கவனிக்கவில்லை. வேண்டாம். அந்த மாதம் பள்ளத்தில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், சர்வ சாதாரணமாகத் தாண்டும். காற்றில் ஈரமே இருக்காது என்பதால் வியர்வை தெரியாது. சட்டையில் உப்புக் கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும். ஒதுங்கி உட்கார மர நிழல் கிடைக்காது. ஜூனிப்பர் மரத்தடியில் ஒரு பூனை படுக்கலாம்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய, இல்லாவிட்டால் செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் வரை. லீவை மாற்ற முடியுமா பாருங்கள்.

பிப்ரவரி 13, காலை 7.05

"இறங்க வழியிருக்காது" என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்புக்கொள்கிறேன், அது மிகை. லேத்ரப் கேன்யன் கிளைச் சாலை கொலராடோ கரை வரை இறங்குகிறது. ஆனால் பிரதான சாலையிலிருந்து ஏறக்குறைய 4 மைல் கீழே. இறங்குவது பெரிதில்லை, தண்ணீரோடு திரும்பி ஏற வேண்டும். மேற்குப் பக்கம் கதை வேறு. பொட்டேட்டோ பாட்டம் பகுதியில் சாலையே கிரீன் ஆற்றை ஒட்டி வந்துவிடுகிறது. கிழக்கு வாசலான ஷேஃபர் சாலை வழியாக இறங்கி வலஞ்சுழியாகச் சுற்றுபவர்களுக்கு அது கடைசி நாளில்தான் வரும். இடஞ்சுழியாகச் சுற்றினால் முதல் நாளே வந்துவிடும், அப்போது பையில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆறு தேவைப்படாது. இதற்கு நான் என்ன செய்ய.

இப்போது ஃபில்டர் விஷயம். கிரீன் ஆறு என்று பெயர், நிறம் நீர்த்த காபி. மணலைவிட நுண்ணிய வண்டல் அது. நேராக ஃபில்டரில் விட்டால் ஒரு லிட்டருக்குள் மூச்சுத் திணறிவிடும். அழுத்திப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாக விழும், கட்டை விரல் வலிதான் மிச்சம்.

நாங்கள் செய்தது: மடக்கு வாளியில் தண்ணீரை மொண்டு, படிகாரப் பொடியை இரண்டு சிட்டிகை போட்டு, ஒரு நிமிடம் சுழற்றிவிட்டு அப்படியே வைத்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் வண்டல் பஞ்சுத் துணுக்குகள் மாதிரி திரள ஆரம்பிக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். முக்கால் மணி நேரம் கழித்து மேலாக இருந்த தெளிவை டம்ளரால் மொண்டு ஃபில்டரில் விட்டோம், தடையில்லாமல் ஓடியது. வாளியின் அடியில் விரல் தடிமனுக்குச் சேறு. மச்சான் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "தேற்றாங்கொட்டை இருந்தால் இன்னும் நன்றாகத் தெளியும்" என்றார். அந்த ஆற்றங்கரையில் தேற்றாங்கொட்டைக்கு எங்கே போவேன்?

இன்னொன்று. உள்ளே மெல்லிய குழாய் இழைகள் உள்ள ஃபில்டர் ஒரு தடவை உறைந்தால் போச்சு, வெளியே பார்த்தால் தெரியாது. அக்டோபர் இரவுகளில் உறைபனி உண்டு. தூங்கும்போது அதைப் படுக்கைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17, மாலை 6.30

அனுமதி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒயிட் ரிம்மில் இரவு தங்க அனுமதி வேண்டும், குறிப்பிட்ட முகாம் இடங்களில் மட்டும்தான் கூடாரம் போடலாம், வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் மாதக் கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஒரே பகலில் சுற்றி முடிப்பவர்களுக்கும் அனுமதி உண்டு. ஒரு நாளைக்கு 50 சைக்கிளுக்கு மட்டும்தான். தீ மூட்டக் கூடாது. நாய் கூடாது. முகாம்களில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லாத ஊரில் அது ராஜபோகம்.

அந்தச் சாலை நம் போன்றவர்களுக்காகப் போட்டதில்லை. 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் யுரேனியம் தேடும் லாரிகளுக்காகப் போட்டது. எதிர்பார்த்த அளவு தாது கிடைக்கவில்லை. 1964இல் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா வந்தது. அணுகுண்டுக்காக வெட்டிய பாதையில் இப்போது நாம் வேர்க்கடலை தின்றுகொண்டே மிதிக்கிறோம்.

பிப்ரவரி 24, இரவு 10.10

டயர், மணல், களிமண். தம்பி தன் வண்டியில் 1.75 அங்குல டயர் என்கிறார். 95 முழுக்கத் தார், அங்கே அது தேவலை. ஒயிட் ரிம்முக்குப் பத்தாது. 2.2க்குக் கீழே போக வேண்டாம். இடம் இருந்தால் இன்னும் அகலம்.

மணலில் நான் செய்த தப்பு: பலத்தைக் காட்டியது. மணல் திட்டு வந்ததும் எழுந்து நின்று அழுத்துவேன், முன் சக்கரம் உழும், வண்டி சாயும், நானும் சாய்வேன். டயரில் காற்றைக் குறைத்த பிறகு பாதி தொல்லை போனது. இருக்கையில் பின்தள்ளி உட்கார்ந்து, சின்ன கியரில், கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, சக்கரம் போகிற போக்கில் விட்டுவிட வேண்டும். ஓட்ட முடியாதபோது இறங்கித் தள்ளுங்கள், வெட்கம் என்ன. மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். ஓட்டியே ஏறினேன் என்பவரிடம் சுமை இருந்ததா என்று கேளுங்கள்.

தள்ளும்போது சாலையை விட்டு ஓரத்தில் நடக்காதீர்கள். கறுத்து, பொரிந்த தோசைக்கல் மாதிரி ஒரு மண் தெரியும். அது வெறும் மண் இல்லை, உயிருள்ள மேல்தோல். நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் இழைகள் மணலைத் தைத்துப் பிடித்திருக்கின்றன. காற்று மணலை அள்ளிக்கொண்டு போகாமல் காப்பது அதுதான். ஒரு மிதி மிதித்தால் பழையபடி ஆவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

களிமண்ணைப் பற்றி ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அந்தப் பிரதேசத்தில் சாம்பல், ஊதா, பச்சை என்று நிறம் காட்டும் மேடுகள் இருக்கின்றன. பழைய எரிமலைச் சாம்பல் மாறி உண்டான பென்டோனைட் களி அது. காய்ந்திருக்கும்போது பாப்கார்ன் மாதிரி பொரபொரவென்று இருக்கும், சைக்கிள் ஜோராக ஓடும். ஈரமானால் உப்பும், வழுக்கும், ஒட்டும். அரை மணி நேர மழையில் என் பின் சக்கரம் நின்றது. பிரேக் பிடித்து நிற்கவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்து, இட்லி மாவு காய்ந்த பாத்திரம் மாதிரி இறுகிவிட்டது. தூக்கவும் முடியவில்லை, வண்டி பத்துப் பதினைந்து கிலோ கூடியிருக்கும். கூடாரக் குச்சியால் சுரண்டி, பத்தடி தள்ளி, மறுபடி சுரண்டி, ஒரு மணி நேரத்தில் இருநூறு மீட்டர் போனேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. நின்றிருக்க வேண்டும். வெயில் வந்து காற்றடித்தால் மேல்மண் மறுநாளே காய்ந்துவிடும். "ஈரமானால் செல்ல இயலாது" என்று அறிவிப்பு வைத்திருப்பது ஜீப்புக்கு என்று நினைத்தேன். எல்லாருக்கும்தான். மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 2, மதியம் 1.15

சரி, மாட்டிக்கொண்டேன். "8 லிட்டர் பேரம் கிடையாது என்றீர்கள். ஒயிட் ரிம் மூன்று நாள். 24 லிட்டர், 24 கிலோ. நீங்கள் அப்படித்தான் போனீர்களா?" என்று ஒருவர் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

இல்லை. 2022 அக்டோபரில் தனியாகப் போனபோது மேலிருந்து 15 லிட்டர் எடுத்துப் போனேன், கடைசி நாள் கிரீன் ஆற்றில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். அந்த 15க்கே தண்டனை கிடைத்தது. பத்து லிட்டரைப் பின் கேரியரின் மேல் கட்டியிருந்தேன். ஷேஃபர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடித்து, அலை அலையாகக் கிடக்கும் மண் சாலையில் கடகடவென்று போகும்போது "டங்" என்று ஒரு சத்தம். கேரியரின் கீழ்க் கால் போல்ட் துண்டாகி, பாதி சட்டத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒரு இரும்பு கிளிப், நான்கு பிளாஸ்டிக் கட்டுகள், கடவுள் நம்பிக்கை, இந்த மூன்றையும் வைத்து எண்பது மைல் ஓட்டினேன். இன்னொரு வேடிக்கை, கிரீன் ஆற்றை அடைந்தபோது என்னிடம் 4 லிட்டர் மிச்சம். குளிர்ந்த அக்டோபரில் உடம்பு அவ்வளவு கேட்கவில்லை.

ஆகவே 8 லிட்டரை வாபஸ் வாங்குகிறேன். நாள் கணக்கே தப்பு. பூங்கா சொல்வது ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். அது தரை, கூரை இல்லை. நான் இப்போது மணிக் கணக்கில் போடுகிறேன்: மிதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் குளிரில் அரை லிட்டர், வெயிலில் முக்கால், ஏற்றமும் வெயிலும் சேர்ந்தால் ஒன்று. சமையலுக்கும் இரவுக்கும் ஒன்றரை. அதற்குமேல் தொடாமல் வைக்க ஒன்றரை. காலை 5 மணிக்குக் கிளம்பி 11க்குள் நிறுத்தினால் அதே தூரத்துக்குத் தண்ணீர் கணிசமாகக் குறைகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாக ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, உடம்பில் உப்புச் சத்து சரிந்து தலை சுற்றும், வாந்தி வரும். ஓஆர்எஸ் பொடி நாலு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமையைக் கேரியரில் வைக்காதீர்கள். சட்டத்தின் நடுமுக்கோணத்தில், முன் ஃபோர்க்கின் இரு பக்கமும், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. உதிரி போல்ட் ஆறு, அதே அளவில்.

மார்ச் 2, மதியம் 1.40

கடவுள் நம்பிக்கை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவருக்கு: ஷேஃபர் வளைவுகளில் இலவசம். பள்ளத்தின் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது.

மார்ச் 9, இரவு 8.45

பஞ்சர் பற்றி எழுதாமல் விட்டேன் என்கிறார்கள். ஒரே எதிரிதான், நமக்குத் தெரிந்தவர்தான்: நெருஞ்சி.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அங்கே ஆட்டுத்தலை என்று பொருள்படும் பெயரில் கூப்பிடுகிறார்கள். முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும், சின்ன ஆட்டு முகமும் இரண்டு கொம்பும். நம் மண்ணில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூப் பூக்கிற அதே செடி. பழைய உலகத்திலிருந்து எப்படியோ கப்பலேறி அமெரிக்காவில் களையாகப் பரவியிருக்கிறது. நானும் கப்பலேறாமல் வந்தேனே தவிர, கதை அதுதான்.

பாலைவனத்தின் நடுவே நெருஞ்சி பெரும்பாலும் இல்லை. ஊருக்குள்தான். பெட்ரோல் பங்க் ஓரம், தபால் ஆபீஸ் வாசல், மோட்டல் பின்புறம், மனிதன் கிளறிய மண் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம். பாறையில் நூறு மைல் ஒன்றும் ஆகாமல் ஓட்டிவிட்டு, ஊருக்குள் வந்து வண்டியைக் காய்ந்த செடி மேல் ஒரு நிமிடம் சாய்ப்பார்கள், அதோடு சரி. எனக்கு ஒரே டயரில் பதினொன்று. எண்ணிப் பிடுங்கினேன். முள் எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு மேல் நோக்கியே நிற்கும்.

டியூப்லெஸ் டயரில் சீலண்ட் ஊற்றியிருந்தால் முள்ளைப் பிடுங்கியதும் 'உஸ்' என்று நாலு துளி வெள்ளைப் பால் கக்கி அடைத்துக்கொள்ளும். கிளம்பும் முன் பழைய சீலண்ட் காய்ந்துவிட்டதா பாருங்கள், வறண்ட காற்றில் சீக்கிரம் காய்கிறது. டியூப்தான் போடுவேன் என்றால் ஒட்டு ஒரு டஜன்.

மார்ச் 20, இரவு 11.30

மச்சான் போன் செய்தார். இத்தனை நாளும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். "எல்லாம் சரி. ஹைட் விஷயத்தை ஏன் மாற்றி எழுதியிருக்கீங்க?" என்றார்.

மாற்றி எழுதவில்லை, பாதியில் நிறுத்தினேன். மீதி இது.

2019 மே. பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஆறு பவல் ஏரியின் தலைமாட்டுக்கு வருகிறது, வர வேண்டும். ஏரி வற்றிப் பின்வாங்கியதில் பழைய ஏரிப்படுகையின் வண்டலை அறுத்துக்கொண்டு மறுபடி ஆறாக ஓடுகிறது. படகு இறக்கக் கட்டிய கான்கிரீட் சரிவு தண்ணீரைத் தொடாமல் காய்ந்து கிடக்கிறது. எங்களிடம் ஆளுக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த குழாய் 45 மைலுக்கு மேல், அதில் ஏற்றம் 2,500 அடிக்கு மேல். மணி பதினொன்று.

வீடு மாதிரி ஒரு பெரிய வேன் வந்து நின்றது. வயதான தம்பதி. அந்த அம்மா இறங்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். பெரியவர் உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து நாலு பாட்டில் எடுத்து நீட்டினார். பாட்டில் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. அது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நான் சொன்னேன்: "பரவாயில்லை, இருக்கிறது. வேண்டாம்."

மச்சானும் தலையாட்டினார். பெரியவர் "சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். வேன் போய்விட்டது.

விளங்குகிறதா? நம் வீட்டில் எதையும் முதல் தடவை நீட்டியவுடன் வாங்க மாட்டோம். வேண்டாம் என்போம், அட சும்மா எடுத்துக்கோங்க என்பார்கள், இருக்கட்டும் என்போம், கையில் திணிப்பார்கள், அப்புறம் வாங்கிக்கொள்வோம். நான் அந்த இரண்டாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ஊரில் இரண்டாவது தடவை கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் தப்பே செய்யவில்லை, என் பேச்சை மதித்தார்.

மூன்றரைக்குத் தண்ணீர் தீர்ந்தது. சாலைக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாய்க்குள் குனிந்து போய் உட்கார்ந்தோம். வேறு நிழல் இல்லை. (மேகம் இருந்தால் இதைச் செய்யவே கூடாது. அன்று வானம் துடைத்த மாதிரி இருந்தது.) உள்ளே நெளித்தகடு முதுகில் குளிர்ச்சியாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேசினால் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. மச்சான் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "நாலு பாட்டில்" என்றார்.

ஐந்தேகாலுக்கு ஒரு பிக்கப் வண்டி, ஓட்டியவர் ஒரு பெண், பின்னால் ஒரு நாய். சாலையோரம் ஆளில்லாமல் கிடக்கும் இரண்டு சைக்கிளைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மச்சான் குழாயிலிருந்து தவழ்ந்து வந்து கேலன் குடுவையை வாங்கிவிட்டார். வெந்நீர், பிளாஸ்டிக் வாசனை. அரைக் கேலனை நின்ற நிலையில் குடித்தோம்.

ஆகவே பிப்ரவரி 11 அன்று எழுதிய "கணக்குத் தப்பியது" தப்பு. கணக்கு இழுபறியாகத்தான் இருந்தது, நான்கு பாட்டிலோடு சேர்த்தால் தேறியிருக்கும்.

மார்ச் 21, காலை 6.50

தூக்கம் வரவில்லை. தேறியிருக்குமா என்பதும் சந்தேகம். அரை லிட்டர் பாட்டில் நான்கு என்றால் 2 லிட்டர்தான். பதினொரு மணி வெயிலில் அந்த ஏற்றத்தைத் தொடங்கியதே பிசகு. ஆக, கணக்கும் தப்பு, நானும் தப்பு. மச்சானுக்கு இதை அனுப்பினேன். "இப்போ சரி" என்று பதில்.

ஏப்ரல் 6, மாலை 5.00

தம்பி லீவைச் செப்டம்பர் கடைசிக்கு மாற்றிவிட்டாராம். நல்லது. இரண்டு புதுக் கேள்வி கேட்டிருக்கிறார்.

பாறைச் சுனைகளில் தண்ணீர் எடுக்கலாமா? மழை பெய்த சில நாட்களுக்குப் பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும், பார்த்தால் மனசு குளிரும். அதை இருப்பில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். உயிர் போகிற நிலை இல்லாவிட்டால் தொடவும் வேண்டாம். அந்தச் சுனையில் நகத்தளவு இறால் வகைகள் இருக்கின்றன, முட்டை வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து, மழை வந்ததும் பொரித்து, குழி வற்றும் முன் ஒரு வாழ்க்கையை முடித்துக்கொள்கின்றன. நம் கையிலிருக்கும் சன்ஸ்கிரீன் எண்ணெய் போதும், மொத்தக் குடும்பமும் காலி.

95க்குப் பதில் பர் டிரெயில் வழியாக வந்து படகில் ஏரியைத் தாண்டலாமா? பர் டிரெயில் அருமையான பாதை, வாட்டர்பாக்கெட் என்ற நீண்ட பாறை மடிப்பில் ஏறி இறங்கும் வளைவுகள் அரை மைலில் சுமார் 800 அடி. ஜான் பர் என்ற கால்நடைக்காரர் மாடு ஓட்டிய வழி. ஆனால் புல்ஃப்ராக் படகுத் துறையை நம்பாதீர்கள். ஏரி இறங்கியதில் படகு ஓடாத காலங்கள் நீளமாக இருந்திருக்கின்றன. ஓடுகிறதா என்று கிளம்பும் வாரம் விசாரியுங்கள். இல்லையென்றால் அக்கரையைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஹாங்க்ஸ்வில் வரை திரும்ப மிதிக்க வேண்டியதுதான்.

95இலேயே பிளாண்டிங் பக்கம் சால்வேஷன் நோல் என்று ஒரு குன்று வரும், நிறுத்திப் பாருங்கள். 1879இல் மார்மன் குடியேறிகளுக்கு வழி தேடிப் போன நான்கு பேர் பட்டினியோடு திசை தவறி, கிறிஸ்துமஸ் அன்று இந்தக் குன்றில் ஏறித் தூரத்தில் நீல மலையைக் கண்டு வழியைப் பிடித்தார்கள். இன்று அதன் காலடியில் தார்ச்சாலை. நான் அங்கே நின்றபோது ஜிபிஎஸ்ஸில் சார்ஜ் இல்லை, அதனால் அவர்கள் மேல் கூடுதல் மரியாதை வந்தது.

பிளாண்டிங் வரை போகாமல் 261ஆம் நம்பர் சாலையில் தெற்கே திரும்பினால் மோக்கி டக்வே என்ற மலைச்சரிவுப் பாதை. அதுவும் யுரேனியத் தாது லாரிகளுக்காக 1950களில் செதுக்கியது. மூன்று மைல் சரளை, ஆயிரம் அடிக்கு மேல் இறக்கம், சரிவு 11 சதவீதம் வரை. பிரேக் பேட் புதிதாக மாட்டிக்கொண்டு போங்கள். பாதியில் நிறுத்தி டிஸ்க் ஆறட்டும். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன்.

ஜூலை 30, இரவு 9.00

மழைக்காலம் தொடங்கியாயிற்று, அதனால் நினைவு வந்தது. ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகலில் இடி மழை. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும், இருபது மைல் தள்ளிப் பெய்த மழை ஓடையில் வந்து இறங்கும். பாறை தண்ணீரை உறிஞ்சாது, அத்தனையும் காட்டாறு. முதலில் சத்தம் வரும், அப்புறம் குச்சி, சருகு, நுரை, அப்புறம் சிவப்பு. 2010 ஆகஸ்டில் இப்படி ஒரு மழையில் ஒயிட் ரிம்மின் மேற்கு வாசலான மினரல் பாட்டம் வளைவுச் சாலையே அறுந்துபோய், அடுத்த வருடம்தான் திறந்தது.

ஓடை ஓடினால் தாண்டாதீர்கள், உட்கார்ந்து ஏதாவது தின்னுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மணல் ஓடையில் படுக்கை போடவே வேண்டாம், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும்.

செப்டம்பர் 27, காலை 8.10

தம்பி ஹாங்க்ஸ்வில்லிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். ஒயிட் ரிம் முடித்தாயிற்றாம், போல்ட் ஒன்றும் உடையவில்லையாம், நாளை காலை 5 மணிக்கு 95இல் கிளம்புகிறாராம். முன் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் பாட்டில், நடுவில் பை, எல்லாம் தாழ்வாக. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஓடையோரம் ஒரு குடும்பம் தர்பூசணி கொடுத்ததாம், நீட்டிய மாத்திரத்தில் வாங்கிவிட்டேன் அண்ணா என்று எழுதியிருக்கிறார்.

எல்லாம் சரி தம்பி. படத்தில் வண்டியை எதன் மேல் சாய்த்திருக்கிறீர்கள்? பின் சக்கரத்துக்குக் கீழே, தரையோடு படர்ந்து, மஞ்சளாகக் காய்ந்து. முதலில் அதைத் தூக்குங்கள். உருட்டாதீர்கள், தூக்குங்கள்.

செப்டம்பர் 27, காலை 8.55

பதினேழு முள்ளாம்.